வீட்டை விட்டுப் போக விரும்பாத மகள்கள்

அமெரிக்காவில் ஒரு லத்தீனாப் பெண், அதாவது லத்தீன் அமெரிக்க வழி வந்தவள், குயராக, அதாவது பெண்ணை விரும்பும் பெண்ணாக, வளர்வதைப் பற்றிப் பேச்செடுத்தால், கதை பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறது. ஒரு பக்கம் கட்டுப்பெட்டியான மெக்சிகோ குடும்பம், சர்ச், அதட்டும் அப்பா. எதிர்ப்பக்கம் சுதந்திர அமெரிக்கா. பெண் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவுக்கு பஸ் ஏறிவிட்டால் விடிவு பிறந்துவிடும். இதில் உண்மை இல்லாமல் இல்லை, ஆனால் பாதிதான் உண்மை. அந்தப் பெண்ணின் வாயைக் கட்டியதில் வீட்டுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. அதோடு, இந்தப் பெண்களில் பலர் வீட்டை விட்டுப் போக ஆசைப்படவே இல்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டே தங்கள் இஷ்டப்படி வாழத்தான் வழி கேட்டார்கள். இதை விட்டுவிட்டுப் பார்த்தால் அவர்கள் நடத்திய போராட்டமும் புரியாது, அவர்கள் காத்த மௌனமும் புரியாது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீனோக்கள் சுமார் 6.2 கோடிப் பேர், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. போர்ட்டோ ரீக்கோக்காரர்கள் 1917 முதலே அமெரிக்கக் குடிமக்கள். கியூபாவிலிருந்து வந்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் தனிச் சலுகை இருந்தது. மெக்சிகோ, எல் சல்வடோர், குவாத்தமாலாவிலிருந்து வந்தவர்களில் லட்சக்கணக்கானோர், சட்டப்படி தங்குவதற்கான பேப்பர் இல்லாமலே முப்பது வருஷம் வேலை செய்து, பிள்ளை பெற்று, வரியும் கட்டி வாழ்கிறார்கள். குயராக வளர்வது யாருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது இதையும் பொறுத்தது. நான் இங்கே சொல்வது பெரும்பாலும் மெக்சிகோ வழிக் குடும்பங்களைப் பற்றி. எண்ணிக்கையில் பெரியவர்கள் அவர்கள்தான், எழுதப்பட்டிருப்பதும் அவர்களைப் பற்றித்தான் அதிகம்.

அந்தக் குடும்பங்களில் பெண்ணுக்கு 15 வயது நிறைவது பெரிய விசேஷம். கின்சன்யேரா என்பார்கள். காலையில் சர்ச்சில் திருப்பலி, மாலையில் மண்டபம். பெண் தரையைக் கூட்டும் கவுனும் தலையில் சின்னக் கிரீடமுமாக வருவாள். முறைப்படி செய்தால் 14 பெண்களும் 14 பையன்களும் ஜோடி ஜோடியாக அவளைச் சூழ்ந்து வருவார்கள். அவளுக்குத் துணையாகவும் ஒரு பையன் உண்டு. சபை நடுவே அவளை நாற்காலியில் உட்காரவைத்து, அப்பா முட்டி போட்டு, அவள் காலிலுள்ள தட்டைச் செருப்பைக் கழற்றி ஹீல்ஸ் மாட்டிவிடுவார். கடைசிப் பொம்மை என்று ஒன்றைக் கையில் கொடுப்பார்கள், அதை அவள் தங்கைக்கோ உறவுக்காரக் குழந்தைக்கோ கொடுத்துவிட வேண்டும். அப்புறம் அப்பாவோடு வால்ட்ஸ் நடனம். இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு வீட்டால் தாங்குவதில்லை. கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன், கிரீடத்துக்கு ஒரு ஞானத்தாய், பாட்டுக்காரர்களுக்கு ஒரு மாமா என்று சொந்தபந்தமே பங்கு பிரித்துக்கொள்ளும்.

அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு, ஜோடியாக ஆடும் பையனைவிட வரிசையில் மூன்றாவதாக நிற்கும் தோழியைத்தான் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளை அங்கே யாரும் மிரட்டவில்லை, அடிக்கவில்லை. மண்டபத்தில் உள்ள அத்தனை பேரும் அவளைக் கொண்டாடுகிறார்கள், ஓட்டல் பாத்திரம் கழுவியும் வீடு துடைத்தும் சேர்த்த காசைப் போட்டிருக்கிறார்கள். அந்த அன்புதான் அவளைப் பேசவிடாமல் செய்கிறது. கொடுமைக்கார வீடு என்றால் வெறுத்துவிட்டுப் போய்விடலாம். அவளுக்காக உயிரையே விடும் வீட்டை என்ன செய்வது? இப்போதெல்லாம் கவுனுக்குப் பதில் கோட்டு சூட்டு போட்டுக் கின்சன்யேரா கொண்டாடும் பெண்களும் இருக்கிறார்கள். விசேஷமே வேண்டாம் என்று சொல்லாமல் அதை அப்படி மாற்றிக் கேட்பதில், இந்தப் பெண்கள் குடும்பத்திடம் எதிர்பார்ப்பது என்ன என்பதும் தெரிந்துவிடுகிறது.

பெண் வீட்டை விட்டுப் போவதென்றால் வெள்ளை உடுப்போடு, அதாவது கல்யாணக் கோலத்தில்தான் போக வேண்டும் என்பது பழைய வழக்கு. மகன் வேலை தேடி வேறு ஊருக்குப் போகலாம். மகள் காலேஜுக்காகத் தனியாக அறை எடுத்தாலே வீட்டில் ஒரு வாரம் அழுகை. டெக்சாஸின் தென்கோடியில் ஹார்கில் என்ற சிற்றூரில் வளர்ந்த எழுத்தாளர் க்ளோரியா அன்சால்டுவா, தன் குடும்பத்தில் ஆறு தலைமுறையில் அந்த ரியோ கிராண்டே பள்ளத்தாக்கை விட்டு வெளியேறிய முதல் ஆள் தான்தான் என்று எழுதியிருக்கிறார். 1942-ல் பிறந்தவர், வயலில் கூலி வேலை செய்தவர், 14 வயதில் அப்பாவை இழந்தவர். அவர் குடும்பம் எல்லையைத் தாண்டி வந்ததில்லை. மெக்சிகோவும் அமெரிக்காவும் மோதிய போர் முடிந்த 1848-ல், எல்லைக்கோடுதான் அவர்கள் நிலத்தைத் தாண்டிப் போனது. 1987-ல் வந்த அவருடைய புத்தகம், இரண்டு பண்பாட்டுக்கு நடுவே நிற்கும் லெஸ்பியன் பெண்ணின் இடத்தை, எந்தப் பக்கத்துக்கும் முழுசாகச் சொந்தமில்லாத ஒரு நிலப்பரப்பாகவே வரைந்து காட்டியது. வெளியேறிப் போனவர் என்றாலும் கடைசிவரை ஹார்கிலைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார். 2004-ல் இறந்தபோது அங்கேதான் அடக்கம் செய்தார்கள்.

அதே தலைமுறையை ஒட்டி வந்த எழுத்தாளர் செரீ மொராகாவின் கதை இன்னொரு விதம். அப்பா வெள்ளைக்காரர், அம்மா மெக்சிகோ வழி வந்தவர். மொராகாவின் தோலும் வெளுப்பு. வெள்ளைக்காரப் பெண்ணாகவே வாழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். தான் லெஸ்பியன் என்பதை மனசார ஒப்புக்கொண்ட பிறகுதான், ஏழையாக, படிக்க முடியாதவளாக, மெக்சிகோ வழிப் பெண்ணாக இருந்த அம்மா பட்டது என்ன என்பது தனக்கு உறைத்தது என்று எழுபதுகளின் முடிவில் எழுதினார். குயராக இருப்பது மகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துவிடும் என்பதுதான் எல்லோருடைய பயமும். மொராகாவை அது அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1981-ல் இவரும் அன்சால்டுவாவும் சேர்ந்து தொகுத்த கட்டுரைத் தொகுதி, வெள்ளையரல்லாத பெண்களின் அரசியல் எழுத்துக்கு அமெரிக்காவில் அடித்தளம் போட்டது.

இவர்களுக்குச் சொந்தச் சமூகத்தில் கிடைத்த பெயர் துரோகி என்பதுதான். 1519-ல் ஸ்பானிய தளபதி கோர்ட்டெஸுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த மாலின்சே என்ற பெண்ணின் பெயரை மெக்சிகோவில் இன்றும் காட்டிக்கொடுப்பதற்குச் சொல்வார்கள். அறுபது எழுபதுகளில் மெக்சிகோ வழி அமெரிக்கர்கள் நடத்திய சிக்கானோ உரிமை இயக்கத்தில் பெண்ணுரிமை பேசியவர்களையும் லெஸ்பியன்களையும் அந்தப் பெயரால் ஏசினார்கள். பெண்ணைப் பெண் விரும்புவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த நோய் என்றார்கள். வெள்ளைக்காரப் பெண்ணியக் கூட்டங்களுக்குப் போனாலோ, அங்கே குடும்பத்தைத் தலைமுழுகிவிட்டு வரச் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் பாதி ஆளாகத்தான் உட்கார முடிந்தது.

சரி, வீட்டுக்குள் என்னதான் நடக்கிறது? கிறிஸ்துமஸுக்கு முன்னால் தமாலே செய்யும் நாளைப் பார்த்தால் ஓரளவு விளங்கும். முதல் நாளே சோளமட்டையை ஊறப் போட்டிருப்பார்கள். மறுநாள் பாட்டி, அம்மா, சித்திமார், பெண்பிள்ளைகள் என்று எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மட்டையில் சோளமாவைத் தடவி, நடுவில் மிளகாய்ச் சாந்தில் வெந்த பன்றிக்கறியை வைத்து மடிப்பார்கள். ஊர்க்கதை முழுக்க அங்கேதான் ஓடும். "பையன் யாராவது பார்த்திருக்கியா, மிஹா?" என்ற கேள்வியும் அங்கேதான் வரும். மிஹா என்றால் என் மகளே என்று அர்த்தம், பெற்றவள்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. அதே மேசையில் ஒரு சித்தியும் இருபது வருஷமாக அவரோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் 'தோழி'யும் உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தோழிக்கும் சேர்த்துத்தான் பார்சல் கட்டுவார்கள். அவர் யார் என்று ஒருத்தர்கூடக் கேட்கமாட்டார்கள்.

மெக்சிகோவின் பெரும் பாடகர் ஹுவான் காப்ரியேலிடம் 2002-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், நீங்கள் தன்பாலீர்ப்பாளரா என்று நேராகவே கேட்டார்கள். கண்ணுக்குத் தெரிவதைக் கேட்கிற வழக்கமில்லை என்று பதில் சொன்னார். மொத்தச் சமூகத்துக்கும் அந்தப் பதில் சட்டென்று புரிந்தது, ஏனென்றால் அவர்கள் வீட்டுச் சட்டமே அதுதான். சவேலா வார்காஸ் பேண்ட்டும் போஞ்சோ என்ற போர்வையுமாக மேடையேறி, ஆண்கள் பெண்ணை நினைத்து உருகிப் பாட எழுதிய ரஞ்செரா என்ற மெக்சிகோப் பாடல்களை ஒரு சொல்லையும் மாற்றாமல் பாடியவர். கேட்டவர்களுக்குப் புரியாமலா இருந்திருக்கும்? தான் லெஸ்பியன் என்று அவர் வாய்திறந்து சொன்னது 80 வயதைத் தாண்டிய பிறகு.

இந்த மௌனத்தை வெறும் கோழைத்தனம் என்று எழுதிவிடுவது எளிது, அது நியாயமில்லை. நியூயார்க்கில் குடியேறிய டொமினிக்கன் ஆண்களிடம் ஆய்வு செய்த கார்லோஸ் டெசேனா, சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருப்பது ஒரு தனி ஏற்பாடு, அதை ஒளிந்துகொள்வதோடு சேர்த்து எண்ணக்கூடாது என்கிறார். லத்தீனாப் பெண்களிடம் பேசிய கேட்டி அகோஸ்டா, குடும்ப உறவு அறுந்துவிடாமல் இருக்க அவர்கள் படும் பாடு எவ்வளவு பெரியது என்று காட்டினார். ஆனாலும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு, அதைப் பூசி மெழுகக்கூடாது. பேசாத வரைக்கும்தான் அந்த மேசையில் இடம். சித்தி ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்தத் தோழி டாக்டரிடம் எந்த உரிமையில் பேசுவார்? சித்தி இறந்துவிட்டால் சர்ச்சில் எந்த வரிசையில் உட்காருவார்? இருபது வருஷ வாழ்க்கைக்கு அன்றைக்குப் பெயர் கிடையாது.

இந்த மௌனத்துக்குப் பண்பாடு மட்டும் காரணமில்லை என்று சொன்னேன். லாஸ் ஏஞ்சலஸின் கிழக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீட்டில் ஏழெட்டுப் பேர் இருக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு பேப்பர் இல்லை, மூத்தவளுக்கும் இல்லை, இங்கே பிறந்த சின்னவர்களுக்கு உண்டு. மூத்தவள்தான் வீட்டின் வாய். வாடகை வாங்கும் வீட்டுக்காரரிடம் பேசுவதும் அவள்தான், மின்சார பில்லைப் படித்துச் சொல்வதும் அவள்தான். அம்மாவின் வயிற்றுவலியை டாக்டருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வதற்கும் அவள்தான் வேண்டும், ஆசிரியர் தன்னைப் பற்றிச் சொல்லும் புகாரையே அம்மாவுக்கு ஸ்பானிய மொழியில் சொல்வதற்கும் அவள்தான் வேண்டும். எல்லோருக்காகவும் பேசும் பிள்ளைக்கு, தனக்காகப் பேச இன்னொரு ஆள் இல்லை. வீட்டில் வெட்டுக்குத்தாகிவிட்டால் போலீஸைக் கூப்பிடவும் முடியாது, போலீஸ் வந்தால் அப்பாவை நாடுகடத்தினாலும் கடத்திவிடுவார்கள். வெளியே துரத்தினாலோ, பேப்பர் இல்லாத பதினாறு வயதுப் பெண்ணுக்கு முறையான வேலையும் கிடையாது, வாடகைக்கு வீடும் கிடையாது. தெருவில் நிறவெறியையும் குடியேற்ற அதிகாரியையும் எதிர்கொள்ளும் பிள்ளைக்குக் கடைசி அரண் அந்த இரண்டு அறை வீடுதான். அதைப் பணயம் வைத்து உண்மையைச் சொல் என்று அவளிடம் யாரும் லேசில் சொல்லிவிடக்கூடாது.

சட்டம் செய்தது என்ன? 1952-ன் குடியேற்றச் சட்டம் மனநோய்ப் பட்டியலின் பெயரைச் சொல்லித் தன்பாலீர்ப்பாளர்களை நாட்டுக்குள் விடாமல் தடுத்தது. 1965-ல் பாலியல் பிறழ்வு என்ற வார்த்தையையும் வெளிப்படையாகவே சேர்த்தார்கள். 1967-ல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரியென்றது. 1960-ல் டெக்சாஸின் எல்லை நகரமான எல் பாசோவில் வீட்டுவேலை செய்துவந்த ஒரு மெக்சிகோப் பெண், பாலத்துக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவிலுள்ள ஹுவாரெஸுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நிறுத்தப்பட்டார். ஆறு வருஷமாக நிரந்தரமாகத் தங்கும் அனுமதிச் சீட்டு வைத்திருந்தவர். குட்டை முடியும் பேண்ட்டுமாக அவர் இருந்த கோலம்தான் அதிகாரியின் கண்ணை உறுத்தியது என்று பின்னாளில் அவர் வழக்கைத் துருவிய ஆய்வு சொல்கிறது. நீதிமன்றம் வரை போராடியும் அவரை நாடுகடத்திவிட்டார்கள். மகள் முடியை வெட்டிக்கொண்டால் எல்லைப்புறத் தாய் பதறுவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட நிஜங்களும் இருந்தன.

அந்தத் தடை 1990-ல்தான் நீங்கியது. அதற்கப்புறமும் 2013 ஜூன் வரை, அமெரிக்கக் குடிமகளான ஒரு பெண் தன் பெண் துணைக்கு கிரீன் கார்டு கேட்க முடியாது. அமெரிக்கக் குடியேற்றமோ பெரும்பாலும் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை என்ற உறவு வழியாகவே ஓடுவது. பேப்பர் இல்லாத மகளிடம் 'ஒரு நல்ல பையனாப் பார்த்துக் கட்டிக்கோ, பேப்பரும் கிடைச்சிடும்' என்று அம்மா சொன்னால், அதில் கொஞ்சம் கட்டாயம் இருக்கலாம், ஆனால் அந்தக் காலத்துச் சட்டத்தின்படி சிலருக்கு அது சரியான யோசனையாகவும் இருந்தது. அகதித் தஞ்சம் இன்னொரு கதவு. ஒரு கியூபா ஆணின் வழக்கை 1994-ல் முன்மாதிரியாக்கிய பின், பாலீர்ப்புக் காரணமாகத் துன்புறுத்தப்பட்டவர்களும் தஞ்சம் கேட்கலாம் என்றானது. கேட்பவள் நீதிபதி முன் நின்று, தன் ஊரும் தன் சனமும் எவ்வளவு கொடியவர்கள் என்று நிரூபிக்க வேண்டும். பிறந்த ஊரை வெறுத்துக் காட்டினால்தான் உள்ளே இடம்.

அந்த ஊர்களும் சும்மா இருந்துவிடவில்லை. மெக்சிகோ நகரில் ஒருபால் திருமணம் 2010 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது, அதே ஆண்டு ஜூலையில் அர்ஜென்டினா நாடு முழுவதற்கும் சட்டம் போட்டது. அமெரிக்கா முழுக்க அது வந்தது 2015 ஜூனில். மெக்சிகோவின் கடைசி மாநிலமும் 2022-ல் சேர்ந்துகொண்டது. எண்பதுகளில் கிராமத்தை விட்டுப் புறப்பட்ட பெற்றோர், அந்த எண்பதுகளின் கிராமத்தையே அப்படியே மனசில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் திரும்பிப் போக முடியாததால் அது மாறியதை நேரில் பார்க்கவும் முடியவில்லை. சர்ச்சும் பழைய மாதிரி இல்லை. பியூ ஆய்வு மையத்தின் கணக்கில் 2010-ல் லத்தீனோக்களில் 67 சதவீதம் கத்தோலிக்கர்கள், 2022-ல் 43 சதவீதம்தான்.

இப்போது முக்கியமான ஒரு திருப்பத்துக்கு வருகிறேன். 2010 மார்ச் 10 அன்று சிகாகோவில் பேப்பர் இல்லாத இளைஞர்கள் பொது இடத்தில் மேடையேறி, தங்கள் பெயரைச் சொல்லி, எங்களிடம் பேப்பர் இல்லை, எங்களுக்குப் பயமும் இல்லை என்று அறிவித்தார்கள். தங்களை வெளிப்படுத்திக்கொள்வது என்ற இந்த முறையைக் குயர் இயக்கத்திடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துவந்தவர்களில் டானியா உன்சுவேட்டா போன்ற குயர் பெண்கள் முன்னணியில் இருந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் அரிசோனாவில் செனட்டர் மெக்கெய்னின் அலுவலகத்தில் உட்கார்ந்து மறியல் செய்த ஐவரிலும் குயர் இளைஞர்கள் இருந்தார்கள். இரண்டு ரகசியத்தோடு வளர்ந்தவர்களுக்கு ஒரு ரகசியத்தை உடைக்கக் கற்றுக்கொண்டதும் இன்னொன்றை உடைக்கும் தைரியமும் வந்தது. பேப்பர் இல்லாதவர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் குயரையும் ஒட்டி, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதற்கு 'அன்டாக்குகுயர்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள், ஓவியர் ஹூலியோ சல்காடோவின் சுவரொட்டிகள் 2012-ல் அதை நாடெங்கும் கொண்டுபோயின. சிறுவயதில் வந்தவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு தந்த டாக்கா (DACA) திட்டமும் அதே 2012-ல்தான் வந்தது. அந்த வெற்றியில் இந்தப் பெண்களின் பங்கைப் பேசாமல் எழுதப்படும் வரலாறு எனக்குக் குறையாகவே படுகிறது. பெற்றோர் பெயரையும் சேர்த்துச் சொல்லித்தான் இவர்கள் போராடினார்கள், எங்களை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை.

லத்தீனா என்ற பாதியும் குயர் என்ற பாதியும் ஒன்றுசேரும் இடங்கள் கொஞ்சம் உண்டு. புகைப்படக் கலைஞர் லாரா அகிலார் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் ப்ளஷ் போனி என்ற பாருக்கு வந்த உழைக்கும் வர்க்க லத்தீனா லெஸ்பியன்களைப் படமெடுத்தார். தோளில் கைபோட்டு நேராகப் பார்க்கிறார்கள், யாரிடமும் எதையும் விளக்கத் தேவையில்லாத முகங்கள். பெரிய ஊர்களின் கே கிளப்புகளில் வாரம் ஒருநாள் லத்தீன் இரவு வைப்பார்கள். வீட்டில் கேட்டு வளர்ந்த பச்சாட்டாவுக்கும் சல்சாவுக்கும் தனக்குப் பிடித்தவளோடு ஆடலாம். 2016 ஜூன் 12 அன்று ஆர்லாண்டோவின் பல்ஸ் கிளப்பில் அப்படியொரு லத்தீன் இரவில்தான் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் லத்தீனோக்கள், அதில் போர்ட்டோ ரீக்கோ வழி வந்தவர்களே இருபதுக்கும் மேல். தன் பிள்ளை யார் என்பதும் அந்தப் பிள்ளை இனி இல்லை என்பதும் சில பெற்றோருக்கு ஒரே நேரத்தில்தான் தெரியவந்தது.

குடும்பம் எப்படி நடந்துகொள்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை. சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கெய்ட்லின் ரயனின் குழு, 21 முதல் 25 வயது வரையுள்ள 224 வெள்ளை, லத்தீனோ இளைஞர்களிடம் ஆய்வு நடத்தி 2009-ல் வெளியிட்டது. பதின்வயதில் குடும்பத்தின் கடும் புறக்கணிப்புக்கு ஆளானவர்கள், அப்படி ஆளாகாதவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். ஆனால் அதே குழு குடும்பங்களோடு வேலை செய்தபோது கண்ட இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. பிள்ளையைத் திருத்தப் பார்க்கும் பெற்றோரில் நிறையப் பேர் வெறுப்பால் அப்படிச் செய்யவில்லை, பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்கிறார்கள். அதனால் பிள்ளைக்குக் கெடுதல் நடக்கிறது என்று தெரிந்தால் மாறக்கூடியவர்கள் அவர்கள்.

அப்படி மாற, அவர்களிடம் யாராவது அவர்கள் மொழியில் பேச வேண்டும். குயர் பிள்ளைகளுக்கான உதவி மையங்கள் நெடுங்காலம் மேற்கு ஹாலிவுட் போன்ற, கே மக்கள் அதிகம் கூடும் பகுதிகளில், ஆங்கிலத்தில், பிள்ளை ஏற்கெனவே வீட்டை விட்டு வந்துவிட்டாள் என்ற நினைப்பில்தான் இயங்கின. லாஸ் ஏஞ்சலஸில் லத்தீனோக்கள் வாழும் பாய்ல் ஹைட்ஸில் இரண்டு வேலை பார்க்கும் அம்மா அங்கே போகமாட்டார். போனாலும், மகள்தான் கூட உட்கார்ந்து தன்னைப் பற்றியே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். சான் அன்டோனியோவில் 1987-ல் தொடங்கிய எஸ்பெரான்சா மையம், லத்தீனா லெஸ்பியன்களின் தலைமையில், மெக்சிகோப் பாட்டிமார்களின் பாட்டையும் சமையலையும் குயர் அரசியலையும் ஒரே கூரையின் கீழ் நடத்திக் காட்டியது. 1997-ல் நகராட்சி அதற்கான நிதியை நிறுத்தியது. வழக்குப் போட்டு 2001-ல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அம்மாவுக்கு வரும் கேள்விகள் சாதாரணமானவைதான்: உனக்கு யாராவது கெடுதல் பண்ணினார்களா, நான் எங்கே தப்பு செய்தேன், வயசான காலத்தில் உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள். இதே கேள்விகளைத் தன் வீட்டில் கேட்டுக் கடந்து வந்த இன்னொரு அம்மா ஸ்பானிய மொழியில் பதில் சொல்லும்போது அது காதில் ஏறுகிறது. பணமும் ஆட்களும் முதலில் போக வேண்டிய இடம் அந்த அம்மாக்கள் கூடும் பள்ளி வராந்தாவும் சர்ச் அடித்தளமும்தான்.